உப்புப் போடாத மோர்

கிட்ட வந்து உட்காருங்க தம்பி. இன்னும் கொஞ்சம் கிட்ட. ஆனா தொட்டுராதீங்க, மஞ்சள் பெயிண்ட் இன்னும் காயலை. நான் இப்படிக் கையை விரிச்சுக்கிட்டுத்தான் நிக்கணும், மடக்கினா அக்குள்ல வரி கலைஞ்சுரும். தலையைத் திருப்பினா ஜமால் பாய் திட்டுவார். ஊர்ல இருக்கிற கடை போர்டெல்லாம் எழுதுறது இவர்தான், பங்குனி வந்தா எங்க உடம்புல எழுதுவார். அதனால நான் சுவத்தைப் பார்த்துத்தான் பேசுவேன். உங்களைப் பார்த்துப் பேசுறதா எடுத்துக்கிடுங்க.

டீக்கடையில என்ன சொன்னாங்க? மருமகன் மட்டும் இல்லைன்னா சாத்தையா அன்னைக்கு அசிங்கப்பட்டிருப்பான்னு சொன்னாங்களா? சொல்லுவாங்க, சொல்லுவாங்க. அங்க உட்கார்ந்து வடையைப் பிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கிறவன்ல எவனாவது புலி வேஷம் கட்டியிருக்கானா? ஒருத்தன் உடம்புலயாவது மஞ்சள் ஏறியிருக்கா? என் வாயால கேளுங்க. அப்புறம் நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க.

எங்க மாரியம்மன் திருவிழாவுக்கு ரெண்டு புலி. பெரிய புலி, சின்னப் புலி. தேரடியில கிளம்பி ஆடிக்கிட்டே கோயில் வாசலுக்குப் போகணும். வாசல்ல ரெண்டும் சண்டை போடும். எது நிக்குதோ அது போய், சூலத்துல குத்தி வச்சிருக்கிற எலுமிச்சம்பழத்தை வாயால கவ்வி எடுக்கும். கையால இல்லை, வாயால. அந்தப் பழத்தை எடுக்கிறவன்தான் பெரிய புலி. எங்க அய்யா எடுத்தார். அவருக்குப் பின்னால நான். இதுவரைக்கும் வேற வாய் அதுல பட்டதில்லை.

இதுல கட்டுப்பாடு இருக்கு. தேரடியில இருந்து வாசல் வரைக்கும் ரெண்டு பக்கமும் கயிறு கட்டியிருப்பாங்க. பழத்தை எடுக்கிற வரைக்கும் புலி கயித்தைத் தாண்டக் கூடாது. கையால உடம்பைச் சொறியக் கூடாது. தாண்டினாலோ சொறிஞ்சாலோ புலி போச்சு, பழம் அடுத்தவனுக்கு. அவ்வளவுதான், பேச்சுக்கே இடமில்லை.

இப்ப என் மருமகனைப் பத்திச் சொல்லணும். சோணைமுத்து. புத்திசாலி. நான் சொல்லலை, ஊர் சொல்லுது. என் மக நாகவள்ளியைக் கட்டினவன். மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில வேலை. டாக்டர்னு நினைச்சுராதீங்க. நர்சும் இல்லை. ஆபரேஷனுக்குப் போறவங்களுக்கு வயித்துலயும் தொடையிலயும் முடி மழிச்சு விடுறான். அதுதான் உத்தியோகம். பொண்ணு பார்க்க வந்தப்ப ஆஸ்பத்திரியில இருக்கேன்னான். நானும் சரின்னுட்டேன். என்ன பண்றீங்க மாப்ளன்னு அப்பவே கேட்டிருக்கணும்.

சின்னப் புலி கட்டிக்கிட்டு இருந்த பையன் சிங்கப்பூர் போயிட்டான். போன வருஷம் அதுக்கு ஆள் இல்லை. நாகவள்ளி வந்து நின்னா. "அப்பா, அவரு கட்டுறேங்கிறாரு. பழகிக் குடுங்க."

பழகிக் குடுத்தேன். பாய்ச்சல் வந்துச்சு. பாய்ச்சல் யாருக்குத்தான் வராது? பூனைக்கு வரலையா? ஆனா ஊர்க்காரனுங்க வாயைப் பிளந்துட்டானுங்க. "என்னா பாய்ச்சல்யா, என்னா இடுப்பு"ன்னு. கோயில் பெரிய மனுசர் ஒருத்தர் என்கிட்டயே கேக்குறார், "சாத்தையா, உனக்கும் முட்டி வலி இருக்கே, இந்த வருஷம் பழத்தை மாப்பிள்ளை எடுக்கட்டுமா?"

எனக்கு முட்டி வலி இருக்குன்னு இவருக்கு யார் சொன்னா? வீட்டுக்குள்ள இருக்கிற ஆஸ்பத்திரிக்காரன்தான் சொல்லியிருக்கணும். அன்னைக்கே புரிஞ்சுபோச்சு, இவன் கண்ணு பழத்து மேலன்னு. அதுக்கப்புறம் அவன் என்ன செஞ்சாலும் நான் அந்தக் கண்ணோடதான் பார்த்தேன். தப்பா? சொல்லுங்க.

சவரத்துக்கு வாரேன். அங்கதான் விஷயமே.

புலி கட்டுறவன் கழுத்துல இருந்து கணுக்கால் வரைக்கும் முடி இல்லாம இருக்கணும். முடி மேல பெயிண்ட் அடிச்சா கட்டி கட்டியா நிக்கும். அப்புறம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறப்ப உயிர் போயிரும். மழிக்கிறதுக்கு எங்க அய்யா காலத்துல இருந்து ஒரு முறை இருக்கு. திருவிழா அன்னைக்கு விடிகாலையில, ஊருணிக் கரையில கல்லு மேல உட்காரணும். எண்ணெய் கூடாது, பெயிண்ட் பிடிக்காது. சோப்பு கூடாது, வழுக்கும். தண்ணியும் கூடாது, ஈரத்து மேல எனாமல் அடிச்சா கொப்புளிக்கும். வெறும் உடம்பு, வெறும் பிளேடு. கீழே இருந்து மேல, முடிக்கு எதிரா ஒரே இழுப்பு. உடம்பு முழுக்க ஒரே பிளேடு. மழுங்கிப்போச்சுன்னா அழுத்திக்கிட வேண்டியதுதான். முடிஞ்சதும் படிகாரக் கட்டியை எடுத்து ஒரு தேய்ப்பு, அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள மஞ்சள் ஏறிரணும்.

எரியுமான்னு கேக்குறீங்களா? எரியத்தான் செய்யும். அது புலி இறங்குறது. எங்க அய்யா சொல்லுவார், எரிஞ்சாத்தான்டா புலி, எரியலைன்னா நீ மஞ்சள் பூசின மனுசன்னு. திருவிழா முடிஞ்சு ஒரு வாரத்துக்கு அவர் வாழை இலையிலதான் படுத்திருப்பார். மேல ஒரு துண்டு படக் கூடாது. கொசு உட்கார்ந்தாக்கூடக் கத்துவார். உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாப் பொரிஞ்சிருக்கும். புலி இறங்கிப் போற வலி அது. எங்க ஆத்தா விசிறிக்கிட்டே அழும். பொம்பளைக்கு அதெல்லாம் புரியாது.

திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் இந்தப் புத்திசாலி வந்து என் முன்னாடி நிக்கிறான். கையில மக்கு, சோப்பு, புது பிளேடு ஒரு கட்டு.

"மாமா, நாளைக்குக் காலையில சவரம் வேணாம். இன்னைக்கே பண்ணிருவோம். தோல் ஒரு ராத்திரி ஆறட்டும்."

"தோல் என்ன இட்லி மாவா மாப்ள, ராத்திரி வச்சிருந்து காலையில எடுக்கிறதுக்கு?"

ஜமால் பாய் பெயிண்ட் டப்பாவைத் திறந்துக்கிட்டு இருந்தார், விழுந்து விழுந்து சிரிச்சார். நாகவள்ளி சிரிக்கலை. அவ அவன் பக்கம்.

அவன் விடலை. "இல்லை மாமா. மழிச்ச உடனே பாருங்க, தோல் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத கீறலா இருக்கும். அதுல போய் பெயிண்டை அடிச்சா அதுக்குள்ள இறங்கிரும். வெயில்ல வேர்க்கும் வேற. முதல்ல நல்லாத் தண்ணியில ஊறணும், முடி இளகிரும். சோப்பு நுரையைப் போட்டுட்டு, முடி எந்தப் பக்கம் படுத்திருக்கோ அந்தப் பக்கமாவே இழுக்கணும். அழுத்தவே கூடாது. பிளேடு போயிருச்சுன்னா மாத்திரணும். எதிரா இழுத்தா முடி தோலுக்குள்ளயே மடங்கி முளைக்கும் மாமா, உங்களுக்குக் கழுத்துல அப்படித்தான் கட்டி கட்டியா வருது."

"அது புலிக் கட்டி. அய்யாவுக்கும் இருந்துச்சு."

"அவருக்கும் இதே சவரம்தானே?"

பார்த்தீங்களா வாயை? செத்துப்போன மனுசரை இழுக்கிறான். நான் ஒண்ணு கேட்டேன். "மாப்ள, உங்க ஆஸ்பத்திரியில நீங்க மழிச்சு விட்டவன் எவனாவது அப்புறம் எந்திரிச்சுப் புலி ஆடியிருக்கானா?"

அவன் மக்கையும் சோப்பையும் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டான்.

சரி, அவன் உடம்பு, அவன் இஷ்டம். பம்புசெட்டுத் தொட்டியில போய் எருமை மாதிரி ஊறினான். நுரையைப் போட்டான். ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை மக்குல அலசுறான், பார்க்கிற எனக்குத் தூக்கம் வந்துருச்சு. முதுகுக்கு நாகவள்ளி உட்கார்ந்து மழிச்சு விட்டா. என் மக, புலி வீட்டுப் பொண்ணு! முடிஞ்சதும் ஈரத்துண்டைப் போர்த்திக்கிட்டுக் கொஞ்ச நேரம். அப்புறம் வேலியில இருந்து சோத்துக் கத்தாழையை வெட்டிட்டு வந்து, சாய்ச்சு வச்சு மஞ்சப் பால் எல்லாம் வடிய விட்டு, கழுவி, உள்ள இருக்கிற வழவழப்பை எடுத்து உடம்பெல்லாம் தடவிக்கிட்டான். இறுக்கமா எதையும் உடுத்தலை. பழைய வேட்டி ஒண்ணு, நைஞ்சது, அதைச் சும்மா சுத்திக்கிட்டுப் படுத்தான். பிள்ளை பெத்தவளுக்குக்கூட எங்க வீட்டுல இவ்வளவு பக்குவம் பார்த்ததில்லை தம்பி.

இதுல இன்னொண்ணு. என் கட்டில் பக்கத்துலயும் ஒரு கிண்ணத்துல அந்த வழவழப்பை வச்சுட்டுப் போயிருக்கான். நான் அதை எடுத்து ஆட்டுக்கு வச்சேன். ஆடு மோந்து பார்த்துட்டு என்னைப் பார்த்துச்சு.

மறுநாள் நான் என் முறைப்படி. கல்லு, வெறும் பிளேடு, படிகாரம். அவன் பயத்த மாவைத் தேய்ச்சுக் குளிச்சுட்டு, உடம்பைத் துடைச்சுக் காய விட்டு, பச்சைப் பிள்ளை மாதிரி வந்து நின்னான். ஜமால் பாய் அவன் முதுகுல பிரஷை இழுத்துட்டு, "அண்ணே, கண்ணாடி மேல எழுதுற மாதிரி போகுதுண்ணே" அப்படிங்கிறார். என் மேல பிரஷை வச்சதும், "அண்ணே, முண்டும் முடிச்சுமா இருக்கே, வரி நேரா வர மாட்டேங்குது" அப்படிங்கிறார். இல்லையா பாய்? சொல்லலையா நீங்க? சிரிக்காம வேலையைப் பாருங்க. புலிக்கு வரி நேராவா இருக்கும்? காட்டுல என்ன ஸ்கேல் வச்சா போட்டாங்க?

பங்குனி வெயில் எப்படின்னு உங்களுக்குத் தெரியும். உச்சி வேளை. தப்புக்காரங்க பறையை அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. மண்ணு சுடுது. நான் முன்னாடி, அவன் பின்னாடி. கொஞ்ச தூரம் ஆடினதுமே எனக்குப் புலி இறங்க ஆரம்பிச்சுருச்சு. முதல்ல கழுத்துல. அப்புறம் அக்குள். அப்புறம் அடிவயிறு. வேர்வை ஓட ஓட, புலி சும்மா திகுதிகுன்னு இறங்குது. அய்யாவுக்குக்கூட அப்படி இறங்கியிருக்காது.

போற வழியில ஒரு கல்தூண் இருக்கு. நான் நேரா அதுகிட்டப் போய் முதுகை வச்சு மேலயும் கீழேயும் தேய்ச்சேன். கையால சொறியக் கூடாதுன்னுதானே கட்டுப்பாடு? தூணால சொறியக் கூடாதுன்னு யார் சொன்னா? கூட்டம் ஆகான்னு கத்துச்சு. "நிசப் புலிடா, நிசப் புலி மரத்துல தேய்க்கிற மாதிரியே தேய்க்கிறார் பாரு"ன்னாங்க. அது நானே யோசிச்சுச் செஞ்ச ஆட்டம். இன்னைக்கும் பேசுறாங்க. தேய்ச்சதுல பெயிண்ட் கொஞ்சம் உரிஞ்சு வந்துச்சு. அப்புறம் மண்ணுல புரண்டேன். அதுவும் ஆட்டம்தான். மண்ணு போய் உரிஞ்ச இடத்துல ஒட்டிக்கிச்சு. அதுக்கப்புறம்தான் புலி நெசமாவே இறங்குச்சு.

கண்ணு இருட்டுச்சு தம்பி. சும்மா சொல்லக் கூடாது. வேர்வை கண்ணுல இறங்கினதால. கயித்துக்கு அந்தப் பக்கம் ஊருணி. பச்சைத் தண்ணி. எனக்கு அது மட்டும்தான் தெரிஞ்சுச்சு. நான் கயித்துப் பக்கம் போனேன். குதிக்கப் போனேன்னு டீக்கடையில சொல்லுவாங்க. பொய். கூட்டத்தைப் பயமுறுத்தத்தான் போனேன். ஒரு காலைத் தூக்கிக் கயித்துக்கு மேல கொண்டுபோனேன், கீழ ஊனலை, அந்தரத்துலதான் இருந்துச்சு. பொம்பளைங்கல்லாம் பின்னாடி போனாங்க.

அப்பத்தான் பின்னாடி இருந்து என் வாலைப் பிடிச்சு இழுத்தான்.

வாலை! புலி வாலைப் புலி பிடிச்சு இழுக்கிறதை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? சண்டை நேரமே இன்னும் வரலை. வாசலுக்குப் போகலை. தப்புக்காரங்க அடியை மாத்தலை. இவனா ஆரம்பிக்கிறான். கயித்துல இருந்து என்னைத் தரதரன்னு உள்ள இழுத்துட்டான். நான் திரும்பி அறைஞ்சேன். வாங்கிக்கிட்டான். இன்னொண்ணு அறைஞ்சேன். அதையும் வாங்கிக்கிட்டு, என் இடுப்பைக் கட்டிப் பிடிச்சு உருட்டுறான். எங்கே உருட்டுறான்னா, கயித்துக்குள்ளயே வாசலை ஒட்டி ஒரு ஓரமா நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தாங்க, அங்கே. பந்தல்ல மோர் ஊத்திக் குடுத்துக்கிட்டு நிக்கிறது யாரு? என் மக.

தப்புக்காரங்களும் வேற வழியில்லாம சண்டை அடியைப் பிடிச்சுட்டாங்க.

பந்தல்ல பானை வரிசையா இருக்கு. ஒண்ணுல பானகம். ஒண்ணுல உப்பு, பச்சை மிளகாய், இஞ்சி எல்லாம் தட்டிப் போட்ட மோர். ஓரத்துல ஒரு பானை, இன்னும் எதுவும் போடாதது, ஈரத்துணி சுத்தி வச்சிருந்துச்சு. இவன் என்னைக் கீழ அமுக்கி வச்சுக்கிட்டு ஒவ்வொரு பானையா மோந்து பார்க்கிறான். முதல் பானை, மூஞ்சியைச் சுளிச்சான். அடுத்தது, தலையை ஆட்டினான். கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்குது. புலி மோர் குடிக்கப் பார்க்குதாம். நாகவள்ளியைப் பார்த்து ஒரு உறுமு உறுமினான். அவ புரிஞ்சுக்கிட்டு அந்த ஓரத்துப் பானையை நகட்டிக் குடுத்தா. பெத்த அப்பன் தரையில கிடக்கேன்!

எடுத்தான். அப்படியே கழுத்துல இருந்து ஊத்தினான். முழுப் பானை. கழுத்து, அக்குள், வயிறுன்னு பார்த்துப் பார்த்து, மண்ணு கரைஞ்சு போற மாதிரி, செடிக்கு ஊத்துறவன் மாதிரி நின்னு நிதானமா ஊத்தினான். ஊர் முன்னாடி. பெரிய புலி தலையில மோர்.

இதுல எனக்கு எது ஆறவே இல்லை தெரியுமா? உப்புப் போட்ட மோர் இருக்கு, மிளகாயும் இஞ்சியும் தட்டிப் போட்டு கமகமன்னு. அதை விட்டுட்டு ஒண்ணுமில்லாத வெறும் மோரை ஊத்துறான் பாருங்க. மாமனார் தலையில ஊத்துறதுலயும் கஞ்சத்தனம். அவமானப்படுத்துறதுன்னு முடிவு பண்ணிட்டா நல்ல மோரா எடுத்து ஊத்த வேண்டியதுதானே? நாகவள்ளிகிட்டக் கேட்டேன், ஏம்மா, அவனுக்கு அந்தப் பானையை ஏன் குடுத்தேன்னு. "மிளகாய் மோரை ஊத்தியிருந்தா நீங்க மதுரை வரைக்கும் ஓடியிருப்பீங்கப்பா"ங்கிறா. என்னமோ உளறுறா. கல்யாணம் ஆனா பொண்ணுங்க அப்படித்தான்.

உடம்பு சில்லுன்னு ஆச்சு, அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். என் கோபம் அப்படி. எனக்குக் கோபம் உச்சத்துக்குப் போனா உடம்பு சில்லுன்னு ஆயிரும். அய்யாவுக்கும் அப்படித்தான்.

என்ன தம்பி கேக்குறீங்க? உடம்பா? ஆமா, இந்த வருஷம் முண்டு முடிச்சு இல்லை. நேத்து சாயங்காலமே சவரத்தை முடிச்சுட்டேன். அது நானா எடுத்த முடிவு. விடிகாலையில பனி, வயசான உடம்பு, எதுக்கு வம்புன்னு முந்தின நாளே வச்சுக்கிட்டேன். முதுகு எனக்கு எட்டலை, அவன் சும்மா நின்னான், பிளேடைக் குடுத்தேன். கீழ்நோக்கி இழுத்தான். போறான்னு விட்டுட்டேன். கத்தாழையா? அது வேலி முழுக்கக் காடு மாதிரி வளர்ந்து கிடக்கு, ஆடும் தின்ன மாட்டேங்குது. வெட்டிப் போட்டதை வீணாக்க வேண்டாமேன்னு தடவிக்கிட்டேன். அவ்வளவுதான். இதைப் போய் டீக்கடையில சொல்லிராதீங்க.

சண்டைக்கு வாரேன். அவன் கதை எப்படி முடிஞ்சுச்சுன்னு கேளுங்க, ஊர் அவனைப் புத்திசாலிங்கிறது எவ்வளவு கூத்துன்னு தெரிஞ்சுபோகும்.

மோரை ஊத்தி முடிச்சான். நான் கீழ கிடக்கேன். அவன் மேல நிக்கிறான். சண்டை அவன் கையில. வாசல் எதிர்லயே, சூலம் தெரியுது, பழம் தெரியுது. அந்தக் கோயில் பெரிய மனுசர் அவனைப் பார்த்துக் கையை ஆட்டுறார், வா வான்னு. நாலு எட்டு வச்சா பழம் அவன் வாயில. புத்தியுள்ளவன் என்ன செய்வான்? போவானா மாட்டானா?

இவன் போகலை தம்பி. மோர் சிந்திக் கிடந்த சகதியில கால் வழுக்கிருச்சு. வழுக்குற அளவுக்கு ஒண்ணும் சகதி இல்லை, ஆனா ஆஸ்பத்திரியில டைல்ஸ் மேல நடந்த காலு, மண்ணுல எங்கே நிக்கும்? மல்லாக்க விழுந்துட்டான். விழுந்தவன் எந்திரிக்கவும் இல்லை. என் கையைப் பிடிச்சு, அவனே இழுத்து, அவன் நெஞ்சு மேல வச்சுக்கிட்டான். நாலு காலையும் மேல தூக்கிட்டு நாக்கைத் தொங்கப் போட்டுட்டான். கூட்டம் "பெரிய புலி! பெரிய புலி!"ன்னு கத்துது. தப்பு கிழியுது. நான் அவன் நெஞ்சுல கையை ஊனி முட்டி போட்டு இருக்கேன், மூச்சு வாங்குது. முட்டி வலிக்குது, அதனால உடனே எந்திரிக்கலை.

அவன் வாய்க்குள்ளயே பேசுறான், எனக்கு மட்டும் கேக்குற மாதிரி. "அவசரப்படாதீங்க மாமா. கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் போய்ப் பழத்தை எடுங்க."

உயிர்ப்பிச்சை கேக்குற லட்சணத்தைப் பார்த்தீங்களா? தோத்தவன் எனக்கு உத்தரவு போடுறான்!

சரி, தோத்துட்டான். தோத்த புலி என்ன செய்யணும்? சீறணும். கிடந்த இடத்துல கிடந்தே பல்லைக் காட்டிச் சீறினாத்தான் அதுக்கு மரியாதை. நான் பழகிக் குடுத்திருக்கேன், தினமும் சீற வச்சிருக்கேன். அவ்வளவு ஜனம் பார்த்துக்கிட்டு இருக்கு, அந்தப் புத்திசாலிக்கு அது மறந்துபோச்சு. சீறலை. உதட்டைக் குவிச்சுக்கிட்டு, என் கழுத்துல தோல் உரிஞ்ச இடமாப் பார்த்து, பூ பூன்னு ஊதினான். ஊதினான் தம்பி! அடுப்பு ஊதுற மாதிரி. நான் எந்திரிச்சுப் பழத்தைப் பார்த்துக் கிளம்புற வரைக்கும், அந்தச் சகதியில மல்லாந்து கிடந்தபடியே ஊதிக்கிட்டே இருந்தான்.